வாசிப்பு நேரத்தில் கடைக்குப் போனவள்

டிஸ்லெக்சியா பயிற்சிக்கு எங்கள் ஆரம்பப் பள்ளியிலிருந்து என்னை அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் பின்பாதி. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி மூன்று நாள் போய் வந்தேன். நல்ல புத்தி இருந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் சில பிள்ளைகள் திணறுவார்கள், அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை என்று அங்கே சொன்னபோது எனக்கு வியர்த்தது. சோம்பல், திமிர் என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துத்தான் அத்தனை வருடமும் டீச்சர் வேலை பார்த்திருந்தேன்.

கற்றதை மற்ற ஆசிரியைகளுக்கும் சொல்லித்தரும்படி தலைமையாசிரியை சொன்னார். ஒரு சனிக்கிழமை, நாலாம் வகுப்பு அறையில் கூடினோம். எழுத்தை மணலில் விரலால் எழுத வைக்க வேண்டும், எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லி மானத்தை வாங்கக் கூடாது என்று வெளுத்து வாங்கினேன். புதிதாகச் சேர்ந்த ஒரு ஆசிரியை கேட்டாள்: "உங்க கிளாஸ்ல அப்படி யாராவது இருந்தாங்களா டீச்சர்?"

இருந்தாள். பள்ளி ஆயாவின் மகளே இருந்தாள். ஆயா அப்போது டீத் தட்டோடு கதவருகே நின்றிருந்தார்.

அந்தச் சிறுமி வாசிக்க எழுந்தால் வகுப்பே சிரிக்கும், எனக்கு எரிச்சல் வரும். அதனால் வாசிப்பு நேரம் வந்தால் அவளைக் கடைக்கு அனுப்பிவிடுவேன். எட்டுச் சாமான் சொன்னாலும் சீட்டு இல்லாமல் ஒன்றுகூட விடாமல் வாங்கி வருவாள். அதைப் பார்த்தும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. "இவளுக்குப் படிப்பு ஏறாதும்மா, நிறுத்திடு" என்று ஆயாவிடம் சொன்னது நான்தான். ஐந்தாவதோடு நின்றாள். வளர்ந்ததும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டப் போனாள்.

"என் கிளாஸ்ல அப்படி யாரும் இல்ல" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் அந்தத் தாயின் எதிரிலேயே.

ஆயா எல்லோருக்கும் டீ கொடுத்தார். மற்றவர்கள் போன பிறகு டம்ளர்களை எடுக்க வந்தவர், என் பக்கத்தில் நின்றார்.

"நீங்க சொன்னதெல்லாம் கேட்டுகினுதான் இருந்தேன் டீச்சர். அப்போ எம் பொண்ணு மக்கு இல்லியா?"

"இல்லம்மா. தப்பு என்னோடது." நான் அழுதால் என்னையும் அவரே தேற்ற வேண்டி வரும் என்று அதற்கும் வெட்கமாக இருந்தது.

"இத்த நீங்களே ஊட்டாண்ட வந்து அவளாண்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. டீச்சரே சொல்ட்டாங்கன்னு இன்னிக்கும் பஸ் போர்டு கூட பாக்க மாட்டா, பக்கத்துல கீறவங்களத்தான் கேப்பா."

பள்ளியிலிருந்து நாலு தெருதான். போய்ச் சேர எனக்கு மூன்று ஞாயிறு ஆனது.

அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அன்று என் மேஜை முன்னால் நின்றது போலவே வந்து நின்றாள்.

"வாங்க டீச்சர். கடைக்கு எதுனா போணுமா?"

கேலிக்குக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.