ஒன்று என்று இடப்பட்ட காணி

ஒஸ்லோவில் இருப்பிடத்தை வினவுவோருக்குக் கதவிலக்கம் ஒன்றைச் சொன்னால் போதும். யாழ்ப்பாணத்தில் எங்கள் காணிகளுக்குப் பெயர்கள் உண்டு. என்னுடையது நாவலடிவளவு, அண்ணருடையது ஆலங்கொல்லை. அலுவலகங்களில் விற்பனைக் கணக்குகளை வண்ணப்படங்களாக்கும் மென்பொருளில் இப்பெயர்களை இட்டேன். அவற்றை அறியாமல், அது ஆபிரிக்காவுக்கு அருகே நடுக்கடலில் ஒரு புள்ளியை வைத்தது. ஆகவே, மருதனார்மடத்துக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊரைக் காணி காணியாக நானே வரையலானேன். எந்தக் காணியில் இன்று எத்தனை பேர் வாழ்கின்றனர் என்று காட்டும் படமொன்றை ஊர்ச்சங்கம் கேட்டிருந்தது. அச்சிட்டு வாசிகசாலைச் சுவரில் மாட்டுவார்களாம்.

எங்கள் இரு காணிகளுக்கும் இடையே எல்லைக்கோட்டை இழுத்தேன். அவ்விடத்தில் தென்னோலை முடைந்த கிடுகுவேலி இருந்தது. போர்க்காலத்தில் ஒரு காலை, அதைக் கட்டக் கயிறு வாங்கிவருவதாக மிதிவண்டியில் சந்திக்குச் சென்ற அண்ணர் மீளவில்லை. பாதி கட்டிய வேலி அப்படியே நின்று உக்கியது. அண்ணி இப்போது அரியாலையில், உறவினர் வீட்டில் வாழ்கிறார்.

என்னோடு முன்பு பணியாற்றிய இங்கிரிட் இம்மென்பொருளில் தேர்ந்தவர்; உதவிக்கு என் வீட்டுக்கு வந்திருந்தார். “ஆளில்லாத காணியை வெறுமையாக விடுங்கள். எண் இல்லாத வடிவத்தை அது வரையாது” என்றார். அண்ணருடைய காணி படத்தில் வராது என்பதைத் தொலைபேசியில் அண்ணிக்குச் சொன்னேன்.

“ஏன் வராது? ஒண்டெண்டு போடும், தம்பி.”

“அங்கை ஒருத்தரும் இல்லையே, அண்ணி.”

“இருந்த காலத்திலை மட்டும் உம்மடை அண்ணை வீட்டிலையே நிண்டவர்? எந்த நேரமும் சந்தியடிதானே. அதுக்காக ஆளில்லையெண்டு சொன்னனாங்களே?” என்று சிரித்தார். பிறகு கேட்டார்: “சுவரிலை எல்லாற்றை காணியும் இருக்க, அவரின்ரை மட்டும் இல்லாமல் போனால் நான் அதை எப்பிடிப் பாக்கிறது?”

ஒன்று என இட்டேன். ஆலங்கொல்லை மென்னீலமாக எழுந்தது.

“யார் அங்கே?” என்று வினவினார் இங்கிரிட்.

“என் அண்ணர். வெளியே சென்றிருக்கிறார்.”

“எப்போது திரும்புவார்?”

“தெரியாது.”

அவர் தலையசைத்துவிட்டு, அக்காணிக்குரிய குறிப்பில் ‘தற்காலிகமாக வெளியே’ என நோர்வே மொழியில் தட்டினார். அதை நான் அழிக்கவில்லை.

அடுத்து என் காணி. அங்கு வாழ்பவர் எவருமில்லை. உயிரோடிருக்கும் நான் இந்நகரத்தின் குடிக்கணக்கில், ஒரு கதவிலக்கத்துள் இருக்கிறேன். வெறுமையாக விட்டேன். நாவலடிவளவு மறைந்தது. திரையில் அண்ணரின் பக்கத்து எல்லைக்கோடு மட்டும் வேலிபோல் நிற்கிறது.