இரும்புத் தூணின் பங்கு

அக்கா மகளைப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்த அன்று நல்ல மழை. களமசேரியில் ஆபீஸ் முடிந்து நான் வந்து சேரும்போது அவர்கள் மாடியில் உட்கார்ந்துவிட்டார்கள். சேறான செருப்போடு மேலே போக வேண்டாம் என்று கீழே கடைக்குள் நுழைந்தேன். செருப்பைக் கழற்ற ஓரத்துத் தூணில் கை ஊன்றினேன். தூண் அசைந்தது.

மட்டாஞ்சேரியில் அக்கா குடும்பம் இருப்பது ஒரு காலத்தில் மிளகுக் கிட்டங்கியாக இருந்த வாடகைக் கட்டடம். கீழே மச்சானின் கடை. கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கும் அண்டா அளவுச் செம்பும் நாற்காலியும் வாடகைக்குக் கொடுப்பார். மேலே வீடு. மாடித் தளம் முழுக்க மரப்பலகை. அதைச் சுமக்கும் பெரிய தேக்கு உத்தரத்துக்குக் கீழே மூன்று மரத்தூண்கள் வரிசையாக நின்றிருந்தன. நடுத்தூணின் அடியைக் கரையான் அரித்துவிட்டதால், போன வாரம் மச்சான் அதை எடுத்துவிட்டு ஓர் இரும்புக் குழாயை நிறுத்தியிருந்தார். தொய்ந்திருந்த தளம் நிமிரும் வரைக்கும் குழாயை உயர்த்தும் திருகை முறுக்கினார்களாம். "இனி யானையைக் கொண்டுவந்து கட்டினாலும் ஒண்ணும் ஆகாது" என்று அக்கா போனில் சிரித்தாள்.

நான் அடுத்த மரத்தூணையும் அசைத்துப் பார்த்தேன். அதுவும் ஆடியது. தலைப்பக்கம் உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவே கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தது.

என் வேலையே இதுதான். கட்டட வரைபடங்களுக்குக் கணக்குப் போடும் ஆபீஸில் இருக்கிறேன். வலிமை வேறு, விறைப்பு வேறு என்பது அங்கே தினமும் புழங்கும் சங்கதி. ஒரே சுமைக்குக் கீழே மரமும் இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இரண்டும் ஒரே அளவுதான் அமுங்க முடியும். அந்தத் துளி அமுங்கலுக்குள் இரும்பில் உண்டாகும் தகைவு, அதாவது உள்ளழுத்தம், மரத்தில் உண்டாவதைவிட ஏறக்குறைய இருபது மடங்கு. விறைப்பான பொருள் மற்றதன் பங்கையும் தன்மேல் இழுத்துக்கொள்ளும். இங்கே முறுக்கித் தூக்கியும் விட்டிருந்ததால் மரத்தூண்களுக்குப் பங்கே இல்லை. குழாய் தாங்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது நிற்கும் இடம்?

குனிந்து பார்த்தேன். குழாயின் அடித்தகடு ஒரு பழைய தரைக்கல்லின் மேல் இருந்தது. கல்லில் குறுக்கே விரிசல். மேலே தலைத்தகடு தேக்குக்குள் ஒரு விரற்கடை புதைந்திருந்தது. கல் உடைந்து குழாய் இறங்கினால் உத்தரம் மொத்தமாக, ஒரு குலுக்கலோடு, இந்த ஆடுகிற தூண்கள் மேல் வந்து விழும். அவை நேராக நின்று வாங்குமா, சரியுமா?

மேலே யாரோ சிரித்தார்கள். பலகை கிறீச்சிட்டது.

மாடியேறி அடுக்களை வாசலில் அக்காவைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பவா?" அவள் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இப்பத்தான் சாயா கொடுத்திருக்கு. எல்லாரையும் எழுப்பி வெளிய அனுப்பினா என்ன நெனைப்பாங்க? அவங்க போனப்புறம் பாக்கலாம்டி."

"அவங்க போறதுக்கு எல்லாரும் ஒண்ணா எழுந்து நடு ஹால் வழியாத்தானே வருவாங்க?"

என் கணக்கு தப்பாக இருந்தால் இந்தச் சம்பந்தம் என்னால் போனதாகும் என்று அவள் கண்ணில் எழுதியிருந்தது. எனக்கும் அதே பயம்தான்.

ஹாலுக்குள் போய்ச் சாதாரணக் குரலில் சொல்ல முயன்றேன். "கீழ ஒரு தூண்ல கொஞ்சம் கோளாறு. பயப்பட வேண்டாம். சுவர் ஓரமா, ஒவ்வொருத்தரா இறங்கினா போதும்."

முதலில் எழுந்தது மாப்பிள்ளை. சுவர் ஓரமெல்லாம் இல்லை. நடு ஹாலில் தடதடவென்று நடந்து படியிறங்கிப் போய்விட்டான். தளம் அதிர்ந்தது. கீழே ஏதோ நெரிபடும் சத்தம். எல்லோரும் உறைந்தார்கள்.

"மெதுவா," என்றேன்.

மற்றவர்கள் சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்கினார்கள். முன்னால் போன மச்சானிடம், மரத்தூண்களின் தலை இடைவெளிக்கு ஆப்பு சீவி வைக்கச் சொன்னேன். மிஞ்சியவர் மாப்பிள்ளையின் அம்மா. மூட்டு வலிக்காரர். ஹாலின் சரி நடுவில் நாற்காலியில் இருந்தார்.

"ஏம்மா, உசுருக்கு ஆபத்தா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியல. ஆனா எல்லாப் பாரமும் ஒரே தூண் மேல நிக்குது."

"அப்ப எழுந்திருக்கிறேன். அவசரப்படுத்தாதீங்க."

அக்கா மகள் பட்டுப்புடவையோடு உள்ளறையிலிருந்து வந்து அவருடைய ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "சாச்சி, நீங்க கீழ போங்க. நான் கூட்டிட்டு வரேன்," என்றாள் என்னிடம்.

அவர்கள் படியை எட்ட எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. நான் கீழே ஓடினேன். மச்சான் ஏற்கெனவே விறகுக் கட்டைகளைக் கோடரியால் ஆப்பாகச் சீவிக்கொண்டிருந்தார். முறைப்படி அந்தத் தளத்துக்குக் கீழே யாரும் நிற்கவே கூடாது. மேலே இரண்டு பேர் இருந்தார்கள், அதனால் நின்றோம். அவர் ஏணியில் ஏறி முதல் மரத்தூணின் தலை இடைவெளியில் ஆப்பை வைத்துத் தட்டினார். நான் தூணைக் கட்டிப்பிடித்திருந்தேன்.

"ஓங்கி அடிக்காதீங்க மச்சான். சின்னச் சின்னதா."

ஒவ்வொரு தட்டுக்கும் தூண் என் நெஞ்சில் ஆடியது. பிறகு ஆடவில்லை. பாரம் வந்துவிட்டது. அடுத்த தூணுக்கு ஏணியை மாற்றினோம். தலைக்கு மேலே புடவை உரசலும், இழுத்து வைக்கும் அடிகளும் சுவரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன.

இரண்டாவது ஆப்பு பாதி இறங்கியிருக்கும்போது கல் உடைந்தது. வெடி மாதிரி ஒரு சத்தம். குழாய் ஒரு கட்டைவிரல் அளவு தரைக்குள் போனது. உத்தரம் முனகிக்கொண்டே இறங்கி மரத்தூண்கள் மேல் உட்கார்ந்தது. பல வருஷத்துத் தூசி எங்கள் தலையில் கொட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூண் கைக்குள் நடுங்கியது, நின்றது.

"வாப்பா!" என்று படியிலிருந்து அக்கா மகளின் குரல். "நாங்க இறங்கியாச்சு!"

மச்சான் ஏணியிலிருந்து இறங்கி, கவிழ்த்து வைத்த ஒரு பிரியாணிச் செம்பின் மேல் உட்கார்ந்து அழுதார்.

கட்டடச் சொந்தக்காரர் பிறகு அடியில் அகலமாகக் கான்கிரீட் போட்டு, மூன்று தூணையும் ஒரே ஜாதி மரத்தில் மாற்றிக் கொடுத்தார். அதுவரை அக்கா குடும்பம் தோப்பும்படியில் என் வீட்டில் இருந்தது. அக்கா என்னோடு சரியாகப் பேசச் சில நாள் ஆனது.

பாலக்காட்டிலிருந்து சம்மதம் என்று தகவல் வந்தது அக்கா வீட்டார் என்னோடு இருக்கும்போதுதான். அக்கா அல்லாவைப் புகழ்ந்துகொண்டே மகளைக் கூப்பிட்டாள். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேண்டாம் உம்மா," என்றாள். "அம்மாவை மாடில விட்டுட்டு ஓடினவன்."

மச்சான் மட்டும் சரியென்று தலையாட்டினார். மாப்பிள்ளையின் அம்மா பிறகு இரண்டு முறை அவளுக்குப் போன் செய்தார். நலம் விசாரித்தாராம், கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.