என் மேஜைக்கு அடியில்

ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் குழுவின் மாதிரி ரயில் கண்காட்சி. ஆளுக்கொரு மேஜையில் தண்டவாளம் அமைத்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்தியிருந்தோம். ஒத்திகையில் ரயில், என் மேஜையும் தளி ஊரிலிருந்து வந்த மஞ்சுநாத்தின் மேஜையும் சேரும் இடத்திலேயே கவிழ்ந்தது. தப்பு அவருடையதுதான் என்று நினைத்தேன். அப்போதிருந்து அவர் கையையே கவனித்தேன்.

கண்காட்சியன்று அவர் குனிந்து என் மேஜைக்காலின் அடியில் எதையோ செருகினார்.

"என் டேபிளக் கெடுக்கறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவர் செருகிய அட்டையை உருவினார். அடுத்து வந்த ரயில் அங்கேயே கவிழ்ந்தது.

"உங்க டேபிள் காலு கொஞ்சம் குட்டைங்க சார். நாலு பேர் எதிர்ல சொல்ல வேணாம்னு பாத்தேன்," என்றபடி அட்டையை மறுபடி செருகினார்.

தொழிற்சாலையில் பாகங்களை அளந்து, தேறாததை ஒதுக்குவதுதான் என் வேலை. கண்காட்சிக்கு முன் அவர் மேஜையை மூன்று முறை அளந்திருந்தேன். என்னுடையதை ஒருமுறைகூட அளக்கவில்லை.