என் மல்லிகாவுக்கு வழி திறந்த வேடியப்பன்

வேடியப்பனைக் கும்பிடும் சொந்தங்களே, நான் நெல்லிவாசல்நாட்டைச் சேர்ந்த குப்பம்மாள். பெற்ற மகளை ஐந்து வருடம் கயிற்றில் கட்டி வைத்திருந்தவள். அதை மறைத்துவிட்டுச் சாமியின் கருணையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். மல்லிகாவுக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் மட்டும் ஓடுவாள். மூன்று வயதிலேயே இரண்டு முறை ஓடையிலிருந்து தூக்கி வந்தோம். அதன் பிறகுதான் கயிறு. நான் சாமைக் கொல்லைக்குப் போகும்போது ஒரு முனை அவள் இடுப்பில், மறு முனை வீட்டுத் தூணில். திரும்பி வந்தால் இடுப்பு புண்ணாகியிருக்கும். வேப்பெண்ணெய் தடவி அழுவேன். மறுநாள் அதே கையால் கட்டுவேன்.

பேய் பிடித்தது என்றார்கள். என் வயிற்றுப் பாவம் என்றார்கள். வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மகளை விட்டுவிட்டு எங்கும் போக முடியாது. கூட்டிக்கொண்டும் போக முடியாது.

ஊனமுற்ற பிள்ளைகளுக்கு சர்க்கார் உதவி உண்டென்று கேள்விப்பட்டு ஜமுனாமரத்தூர் போனேன். மல்லிகாவைப் பாதி வழி முதுகில் சுமந்தேன். ஆபீஸில் இருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கை, காலு, கண்ணு, காது எல்லாம் நல்லாத்தானே கீது? இத எதுலம்மா எழுதறது?"

அவரிடம் இருந்த தாளில் என் மகளுக்கு இடம் இல்லை.

திரும்பும் வழியில் வேடியப்பன் கல்லின் முன்னால் விழுந்தேன். "இவள நல்லாக்குன்னு கேக்கல சாமி. இவ இன்னான்னு புரிஞ்சிக்கிற ஒரு ஆளக் காட்டு. இல்லன்னா எங்க ரெண்டு பேரையும் எடுத்துக்கோ."

எட்டாம் நாள், ஊர் ஊராகப் போய்ப் பெண்களையும் பிள்ளைகளையும் விசாரிக்கும் சர்க்கார் ஊழியரான ஒரு கிராம சேவிகா எங்கள் ஊருக்கு வந்தார். வேறு ஊருக்குப் போக வேண்டியவர். ஓடையில் வெள்ளம் வந்ததால் இந்தப் பக்கம் திரும்பினாராம். கயிற்றைப் பார்த்தார். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவரோ மல்லிகா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பாவுக்கு இன்னாம்மா புடிக்கும்?"

எட்டு வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

அவரே எங்களை வேலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். இது பிறவியிலேயே வந்தது, பேயும் இல்லை, உன் குற்றமும் இல்லை என்றார் டாக்டர். ஆட்டிசம் என்று அவர் சொன்ன பெயரைச் சொல்லிப் பழகவே எனக்கு நாளாயிற்று. சான்றிதழ் எழுதித் தந்தார். அதோடு கொடுத்த மனுவும் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை சேவிகா மல்லிகாவையே அழைத்துப் போய் மேலதிகாரி முன்னால் நிறுத்தினார். உதவித்தொகை கிடைத்தது. அதைவிடப் பெரிதாக, சத்துணவுக் கூடத்தில் எனக்கு ஆயா வேலையும், மகளைக் கூடவே வைத்துக்கொள்ள அனுமதியும் கிடைத்தன. அன்றே கயிற்றை அடுப்பில் போட்டேன்.

மல்லிகா இன்றும் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வரிசையாக அடுக்குவாள். பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மறைக்காதீர்கள். சாமியிடம் சொல்லுங்கள். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போங்கள். அங்கே இல்லை என்று சொன்னால் மறுபடியும் போங்கள். துணைக்கு நான் வருகிறேன். இதுவரை மூன்று தாய்மாரோடு போயிருந்தேன், போன ஆடியில் நான்காவது தாயோடு போனேன். அவளுக்கு முதல் தடவையிலேயே உதவித்தொகை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மகராசி அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் வேடியப்பன் கல் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டோம்.