பாலுக்கும் மாத்திரை

சோபாக்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாத ஆள் கிடையாது. ஊரிலுள்ள நாற்காலிக்கெல்லாம் பஞ்சு அடைக்கிற மனுஷன், தான் மட்டும் எலும்பும் தோலுமாக இருந்தார். "உங்களுக்கும் ரெண்டு கிலோ அடைச்சுக்கக் கூடாதா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. சிரித்துவிட்டு ஆணி அடிப்பார்.

பிறவியிலேயே வந்த நோய், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி கெட்டியாகக் கட்டிக்கொள்ளும். தின்கிற கொழுப்பும் உடம்பில் ஒட்டாது. அது செரிக்கச் சாப்பாட்டோடு மாத்திரை போட வேண்டும். பாவம், வயிறாரத்தான் சாப்பிட்டார். எடைதான் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. டாக்டர் சத்துப்பால் டப்பாக்களை எழுதிக் கொடுத்து, "இதுக்கும் ஏறலேன்னா வயித்துல ட்யூப் வெச்சு அதுவழியா சாப்பாடு கொடுத்துடலாம்" என்றார். ஸ்பிரிங்கை வயிற்றால் அமுக்கிக்கொண்டுதானே சோபாக்காரர் துணியை இழுத்து ஆணி அடிப்பது! ட்யூப் வைத்த வயிற்றோடு எப்படி வேலை செய்வது?

வேளை தவறாமல் பாலைக் குடித்தார். எடை அசையவில்லை. வயிறு வேறு கடமுடா என்றது.

ஒருநாள், பஞ்சு அடைக்கக் கொடுத்த நாற்காலியைத் திரும்ப வாங்க வந்தவரிடம் சோபாக்காரரின் மனைவி, "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா, இப்பதான் பால் சாப்பிட்டு வந்தேன்."

அவர் போனதும் கணவனிடம் திரும்பினாள். "என்னங்க, டப்பாப் பாலுக்கு மாத்திரை போடறீங்களா?"

"அது குடிக்கிறதாச்சே! மாத்திரை சாப்பாட்டுக்குத்தானே?"

"அவரு பால் சாப்பிட்டேன்னு சொல்றாரு. உங்க பால் மட்டும் சாப்பாடு இல்லையா?"

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். உணவு ஆலோசகர் பதறிவிட்டார். "ஐயையோ, கொழுப்பே அதுலதாங்க நிறைய! அதுக்கும் போடணும்" என்று எத்தனை மாத்திரை என்பதையும் சொன்னார்.

போனை வைத்ததும் கணவனை ஒரு பிடி பிடித்தாள். "குடிச்சதெல்லாம் வீணாப் போச்சே! இப்படியா ஒரு மனுஷன் இருப்பாரு?"

"நீதானே பக்கத்துல நின்னு ஊத்திக் கொடுத்தே?"

அதற்குமேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த முறை எடை பார்த்தபோது முள் நகர்ந்திருந்தது. "ட்யூப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். இப்படியே போங்க" என்றார் டாக்டர். அப்பாடா! சோபாக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எலும்பு குத்தலையா?"

"குத்துது. அதுக்காக எழுந்திரிச்சுடுவேனா?"

அப்படியே தூங்கிப் போனாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. அவர் அவளை எழுப்பவில்லை.