நில்டா ஏறும் வண்டி

டிக்கெட் கேட்பதற்கு முன் நில்டா ஆன்டிமான் வெளியே போய், கம்பிவேலியில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பைகள் எந்தப் பக்கம் படபடக்கின்றன என்று பார்ப்பாள். பிறகுதான் கடலோரக் கொமொதோரோ ஊரின் பஸ் நிலையத்தில் என் டிக்கெட் ஜன்னலுக்கு வருவாள். "பஸ் எப்பக் கெளம்பும்னு நான் கேக்கல தம்பி. எப்பப் போய்ச் சேரும், அதச் சொல்லு."

காது கேளாதவர்களின் கைமொழியை நீதிமன்றங்களில் பேச்சாக்கிச் சொல்வது அவள் வேலை. ஒரு வாரம் கடலோரம் என்றால் மறு வாரம் மலையோரம். ஓட்டுநரோடு ஒரு சுற்று மாத்தே தேநீர் குடிக்காமல் எந்த வண்டியிலும் ஏறமாட்டாள். ஆள் கொட்டாவி விடுகிறாரா என்று பார்க்கத்தான். விமானம் என்றால் உதட்டைப் பிதுக்குவாள். "பறந்தா சீக்கிரந்தான். காத்து பறக்க விடணுமே." அதுவும் மலையூருக்குப் போக, தலைநகர் வரை பறந்துவிட்டுத் திரும்ப வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

போன ஜூனில், எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்கும்போது, எஸ்கெல் என்ற மலையூரில் ரொசாவ்ரா என்ற காது கேளாத பெண்ணின் வழக்கு. கணவன் இறந்ததும் அவன் வீட்டார் குழந்தையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அழுதால் கேட்காதவள் எப்படி வளர்ப்பாள் என்பது அவர்கள் வாதம். முந்தைய தடவை நில்டாவின் பஸ் பனியில் சிக்கி, விசாரணை தள்ளிப்போயிருந்தது. இன்னொரு முறை தள்ளினால் குளிர்காலம் முழுக்கக் குழந்தை அங்கேதான்.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் மேற்குச் சாலையில் மறுபடியும் பனி. பஸ் போகுமா என்பது மதியம் தெரியும், காத்திருங்கள் என்றேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு மீன் லாரிகள் நிற்கும் பக்கம் நடந்தாள். ஓமார் பாமொந்தே என்ற ஓட்டுநர் எஸ்கெலுக்குத்தான் மீன் ஏற்றியிருந்தார். ஆனால் கடலோரமாக வடக்கே ஏறி, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிப் போகிறவர். போய்ச் சேர விடிந்துவிடும் அக்கா என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"விடியட்டும். நேர் வழியில நின்னுட்டிருக்கறதுக்கு, சுத்து வழியில நகர்றது மேல்."

மதியம் எங்கள் பஸ் ரத்தானது. லாரி போகும் பொட்டல்வெளியில் அவள் போனும் எடுக்காது. மறுநாள் டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாலையில்தான் செய்தி வந்தது: "நீதிபதி முன்னாடி மீன் நாத்தத்தோட நின்னேன். புள்ள அம்மாகிட்ட வந்துருச்சு." ஜன்னலில் ஆள் நிற்பதையும் மறந்து சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் நேரே என்னிடம்தான் வந்தாள். குழந்தை கைக்கு வந்ததும் ரொசாவ்ரா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமே சொல்லல தம்பி. எனக்கு அங்க வேலையே இல்ல. புள்ளைக்கு இதத்தான் செஞ்சா."

ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டி, திறந்து கிடந்த என் குளிர்ச்சட்டையின் ஜிப்பை மோவாய் வரை மெதுவாக இழுத்து மூடினாள்.