நெல் காயும் சாலையில் பிரேக் சோதனை

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டவை நீலத் தார்ப்பாய்கள். ஓரங்களில் செங்கல் வைத்து, சாலையின் வலப்பக்கம் முழுக்கக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மூடியிருந்தார்கள். அடியில் நெல். தாராசுரத்துக்குச் சற்றுத் தள்ளி, நான்கு வழிச் சாலை போட்டு, கோடும் அடித்து, இன்னும் திறக்காமல் வைத்திருந்த பகுதி அது. திறக்காத சாலை எங்கள் பக்கத்தில் சும்மா கிடப்பதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பிவிட்ட குறுவை நெல் அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது.

இடப்பக்கம் காலி. அங்கே தம்பியின் கார் நின்றது. நானும் தம்பி மனைவியும் நடுத் தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். அடுத்த வாரம் வளைகாப்பு. அது முடிந்ததும் பேராவூரணியில் அம்மா வீட்டுக்குப் போகிறாள். இந்தக் காரில் போவதா, பஸ்ஸில் போவதா என்று அன்று காலை பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். அந்த அளவுக்கு அவளை இறங்கிவரச் செய்யவே தம்பி ஒரு மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது.

காரணம் திருச்சி சாலையில் நடந்தது. இன்னொருவரிடமிருந்து வாங்கிய வேகக் கார் அது. வாங்கிய கையோடு எஞ்சினின் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்து வேகத்தை இன்னும் கூட்டிக்கொண்டான். பிரேக்கை அப்படியே விட்டுவிட்டான். ஒரு மாலை இருவரும் வரும்போது, குறுக்கே வந்த டிராக்டருக்காக அழுத்திப் பிடித்தான். நின்றது. மறுபடி வேகமெடுத்தான். முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைய, மறுபடி மிதித்தான். பெடல் தரைவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, எப்படியோ நிறுத்தினான். லாரிக்கும் காருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைய இடமில்லை என்று பிறகு அவனே சொன்னான். அவள் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. முன்பு வைத்திருந்தவர் அதை மாற்றியதே இல்லை போலும். வெளியே எடுத்தபோது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வேகத்தில் அழுத்திப் பிடிக்கும்போது சக்கரத்தின் டிஸ்க் பழுக்கக் காய்ந்து, அந்தச் சூட்டில் ஆயிலுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிவிடும். அதன் பிறகு மிதித்தால் ஆவிதான் நசுங்கும், சக்கரம் பிடிபடாது. ஆயிலை மாற்றியிருந்தாலே பாதி சரியாகியிருக்கும். தம்பி அதோடு விடவில்லை. முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க், அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கப் பெரிய காலிப்பர், சூடு தாங்கும் பிரேக் பேட், ரப்பர் குழாய்க்குப் பதில் எஃகு வலை போர்த்திய குழாய் என்று எல்லாவற்றையும் மாற்றினான்.

தடுப்பின் மேல் உட்கார்ந்தபடியே அவள் விசாரித்தாள்.

"ஸ்டெப்னி மாட்டுமா?"

"முன்னாடி மாட்டாது. காலிப்பர் இடிக்கும்."

"முன்னாடி பஞ்சரானா?"

"பின் சக்கரத்தைக் கழட்டி முன்னாடி போட்டுட்டு, ஸ்டெப்னிய பின்னாடி போடணும்."

"நல்லாருக்கு. அதுக்குள்ள எனக்குப் புள்ளையே பொறந்துரும்."

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

புதிய பேட் மாட்டியவுடன் பிடிக்காது. வேகமாகப் போய், அழுத்தி, முழுக்க நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, மறுபடி அழுத்தி, டிஸ்க்கில் பேட் படிய வேண்டும். ஓடுகிற சாலையில் இதைச் செய்ய முடியாது. சாலை வேலையின் மேற்பார்வையாளர் தம்பியோடு படித்தவர். வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லி, நுழைவில் வைத்திருந்த தடுப்பை நகர்த்தி விட்டிருந்தார்.

நெல்லுக்குக் காவலாக நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பெரிய குரல் கொண்ட ஒருவர் தம்பியிடம் வந்தார்.

"என்னா தம்பி, சீக்கிரம் முடிச்சிருவியா? நாங்க இந்தப் பக்கமும் நெல்ல விரிக்கணும்."

"அரை மணி நேரம்க்கா. உங்க பக்கம் வரவே மாட்டேன்."

"வந்தீன்னா காரு இங்கதான் கெடக்கும், பாத்துக்க."

முதல் ஓட்டத்தில் கார் அவன் வைத்திருந்த அடையாளத்தைத் தாண்டிப் போய்த்தான் வேகம் குறைந்தது. தம்பி மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் படியல, அதான்" என்றேன், அவன் சொன்னதைத் திருப்பி. அடுத்தடுத்த ஓட்டங்களில் தூரம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு முன் சக்கரங்களிலிருந்து புகை வரத் தொடங்கியது. எரிந்த ரப்பரும் இரும்பும் கலந்த வாடை. இது வரும், பயப்படாதீங்க என்று எங்களிடம் சொல்லியிருந்தான். அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

சாலையின் கோடியில் கார் திரும்பியது. அதே நேரத்தில் அந்தப் பெரிய குரல்காரர் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு தடுப்பின் இடைவெளி வழியாக ஓடிவந்து சாலையின் நடுவில் நின்றார். ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். கார் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

நான் எழுந்துவிட்டேன். தம்பி மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

காரின் மூக்கு கீழே இறங்கியது. டயர் தேயும் சத்தம் கேட்கவில்லை. அடியில் கடகடவென்று ஏபிஎஸ் விட்டுவிட்டுப் பிடிக்கும் ஓசை மட்டும். கார் இம்மியும் விலகாமல் நேராக வந்து நின்றது. அதற்கும் அவருக்கும் இடையே ஒரு டிராக்டர் டிரெய்லரோடு நிற்கும் இடம் இருந்தது.

அவர் நிதானமாக நடந்துபோய் இடது முன் சக்கரத்தின் மேல் குடத்தைக் கவிழ்த்தார். புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி எழுந்தது.

"ஐயோ, ஊத்தாதீங்கக்கா! டிஸ்க்கு விரிசல் விட்டுரும்!" தம்பி பாய்ந்து இறங்கினான்.

"காரே எரியுது, இவன் டிஸ்க்கு கிஸ்க்குங்கறான்."

"எரியலக்கா. அது அப்படித்தான் பொகையும்."

"போன வருசம் ரோட்டுல கெடந்த வைக்கோலு அடியில சுத்திக்கிட்டு ஒரு காரு எரிஞ்சு எலும்புக்கூடா நின்னுது. இங்க பத்திக்கிட்டா எங்க நெல்லுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் நிக்காம வந்திருந்தா?" என்றான் தம்பி.

"அதான் கைய காட்டுனேன்ல. காட்டுனா நிக்க மாட்டியா?"

பின்னாலிருந்த பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். தம்பி மனைவியும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. தம்பி ஓரத்தில் கிடந்த நெல் மூட்டை ஒன்றின் மேல் போய் உட்கார்ந்துவிட்டான்.

அவள் வயிற்றைத் தாங்கியபடி மெல்ல நடந்துபோய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் தவிர வேறு எதையும் ஓட்டியவள் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பிரேக் பெடலை மிதித்தாள். விட்டாள். மறுபடி மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அன்னைக்கு இதுதான உள்ள போச்சு?"

"ஆமா."

"இப்ப போகல."

நான் மறுபடி தடுப்பின் மேல் உட்கார்ந்தேன்.

சக்கரம் ஆறும்வரை காத்திருந்தோம். பெண்களில் ஒருவர் எங்களுக்கும் தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றித் தந்தார். தம்பி டார்ச் அடித்து டிஸ்க்கை இருபுறமும் பார்த்தான், நகத்தால் தடவினான். விரிசல் இல்லை. மெதுவாக ஒரு முறையும் வேகமாக ஒரு முறையும் போய்வந்தான். ஸ்டியரிங் அதிரவில்லை. இன்னொரு முறை அதிவேகத்தில் நிறுத்திக் காட்டட்டுமா என்று கேட்டான்.

"போதும், அதான் பாத்தாச்சே" என்றாள் அவள். "அவங்க நெல்லு விரிக்கட்டும்."

வளைகாப்பு முடிந்து மூன்று பேரும் அதே காரில் கிளம்பினோம். நான் முன்னால், அவள் பின் இருக்கையில் தலையணை சாய்த்து. ஒரத்தநாடு தாண்டியதும் தூங்கிவிட்டாள்.